பின்பக்கத்தில் இருந்த புள்ளிகள்

மாணவர்கள் ஏன் வேலைகளைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதுதான் என் முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு. ஐம்பது வயதில் தொடங்கி, இதுவரை மூன்று முறை அவகாசம் கேட்டுவிட்டேன். தலைப்பைச் சொன்னாலே வீட்டில் சிரிக்கிறார்கள்.

வினாக்கொத்தையும் வகுப்பில் கொடுக்கவேண்டிய அன்று காலையில்தான் கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கிப் பிரதியெடுக்கக் கொடுத்தேன். இருபது கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி. அந்த அவசரத்தில், கூட்டுத்தொகையைக் 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று பிரிக்கும் என்னுடைய தாளையும் சேர்த்து நீட்டிவிட்டேன். கடைக்கார நானா தாளை மிச்சம்பிடிக்க, இரண்டையும் முன்பக்கம் பின்பக்கமாக அடித்துத் தந்தார்.

நான் கற்பிக்கும் கல்லூரியில், வகுப்பில் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் தாள்கள் புரளும் சத்தம். பிறகு சிரிப்பு.

"டேய், நீ 'அதிகம்'டா! வீட்டுல சொல்லவா?"

"போடி, ஒன் தாளக் காட்டு பாப்பம்!"

புள்ளியைப் பார்த்துவிட்டு விடையை அழித்துத் திருத்தியவர்களும் உண்டு. ஆய்வு அங்கேயே படுத்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் மேசையருகே நின்றாள். வீட்டில் எழுதிவரச் சொல்லும் ஒப்படையை எப்போதும் பிந்திக் கொடுப்பவள்.

"எண்பத்தி மூணு சேர். நான் சோம்பேறின்னு தாளே சொல்லுது."

கையில் ஒரு கடித உறை. படிப்பை விட்டு விலகுவதாகக் கல்லூரி அதிபருக்கு எழுதியதாம்.

"ஒப்படைய எழுதவே மாட்டியா?"

"எழுதுறேன் சேர். நல்லால்லன்னு கிழிச்சிடுறேன்."

எனக்கு அறிவுரை சொல்ல வராது. மிச்சமிருந்த தாள் ஒன்றை எடுத்து, பொய் சொல்லாமல் நிரப்பி அவளிடம் நீட்டினேன். கூட்டினாள். நம்பாமல் திரும்பவும் கூட்டினாள்.

"சேர்... தொண்ணூத்தி ஒண்ணு!" வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க எப்பிடி சேர் இங்க வேலை செய்றீங்க?"

"அதான் புள்ள, எனக்கும் வெளங்கல."

சிரித்து ஓய்ந்ததும் உறையைப் பார்த்தேன். ஓரமெல்லாம் நைந்திருந்தது. எப்போது எழுதியது என்று கேட்டேன்.

"மூணு கெழம ஆச்சு. நாளைக்குக் குடுப்போம், நாளைக்குக் குடுப்போம்னு..."

"நல்லது. அத மட்டும் அப்பிடியே இழுத்துக்கிட்டே போ."

உறையைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த சில நாள், அதிபரின் அறையைத் தாண்டும்போதெல்லாம் மேசையில் அந்த உறை கிடக்கிறதா என்று எட்டிப்பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒப்படை வந்தது. இரண்டு நாள் பிந்தி, அடித்தல் திருத்தல்களோடு, ஆனால் கிழியாமல். கடிதம் இன்னும் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.