தூக்கம் எழுதுகிறவன்

எழுத உட்காரும் முன் மேகம் ஆள்காட்டி விரலைத் தம்ளர் தண்ணீரில் நனைப்பான். முதல் வாக்கியத்தை மேசைமேல் விரலால் எழுதுவான். ஈரம் காய்வதற்குள் அது மனசில் ஒட்டிக்கொண்டால் தாளுக்குப் போகும். இல்லையென்றால் போகட்டும் என்று விட்டுவிடுவான். எங்கோ மிதந்துகொண்டே இருப்பான், இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான் என்பதால் அக்கா வைத்த பெயர் மேகம்.

மூன்று வருடமாகக் கூலிக்குக் கட்டுரையும் விளம்பரமும் எழுதினான். முடி உதிர்வது, பூனை வளர்ப்பு, பைக் பராமரிப்பு என்று கேட்டதையெல்லாம் எழுதினான். இவன் இன்னதில் கெட்டிக்காரன் என்று சொல்ல ஒன்றுமில்லாததால், ஒருமுறை கூப்பிட்டவர்கள் மறுமுறை கூப்பிடவில்லை. அத்தான் ஒரு கிடங்கில் குமாஸ்தா வேலை பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் நிலையான எழுத்து வேலை கிடைத்தால் தப்பலாம்.

"பல் டாக்டரு பல்லை மட்டும்தான் பாக்குறாரு. கூட்டம் வாசல் வரைக்கும் நிக்குது," என்றாள் அக்கா. "நீயும் காசு வர்ற மாதிரி ஒண்ணைப் பிடிச்சுக்கோயேன்டா. உனக்கு எது நல்லாத் தெரியும், சொல்லு."

"தூங்கத் தெரியும்," என்றார் அத்தான், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேகம் சிரிக்கவில்லை. கடைத்தெருவில் மட்டும் மெத்தைக் கடைகள் ஐந்து. பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணில் தூங்காத சிவப்பு. அவர்களுக்காக எழுத ஒருவரும் இல்லையே என்று தோன்றியது.

மறுநாள் காலையிலேயே பெரிய மெத்தைக் கடையில் எழுத்து வேலை கேட்டுப் போய் நின்றான்.

"போன தடவை விளம்பரப் புத்தகம் எழுதினவரு ஸ்பிரிங்கை எண்ணி எழுதிட்டுப் போயிட்டாரு," என்றார் முதலாளி. "ஒரு ஈ காக்கா படிக்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள நாலு பக்கம் கொண்டாங்க. சரியா வந்தா எங்க ஆறு கடைக்கும் நீங்கதான் தம்பி."

ஒவ்வொரு மெத்தையையும் உள்ளங்கையால் அழுத்தி, பள்ளம் எழும்ப எத்தனை நொடி என்று குறித்தான். பிறகு படுத்துப் பார்த்தான். நான்காவது மெத்தை கண்ணாடி ஜன்னலோரம் இருந்தது. வெயில் இளஞ்சூடாக முதுகில் விழுந்தது. குதிகால் முதலில் அவனைவிட்டுப் போனது, அப்புறம் முழங்கால். தன் பெயரும் கழற்றி வைத்த செருப்புபோல எங்கோ கிடந்தது.

"இந்த ஆளும் மெத்தையோட சேத்து வருவாராங்க?" என்று கேட்டார் தெருவிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர்.

முதலாளி உலுக்கினார். "எந்திரிங்க தம்பி. வாடகை கேட்டுடப் போறேன்."

வீட்டுக்கு வந்து அந்தத் தூக்கம் வந்த விதத்தை அப்படியே எழுதினான். எந்த மெத்தை எந்த முதுகுக்கு என்பதையும் அந்த மயக்கத்தின் நடுவிலேயே செருகினான். வெள்ளிக்கிழமை கொடுத்தான். சனிக்கிழமை சத்தமே இல்லை. ஞாயிறு காலை, கிடங்குக்குப் போட்டுப் போக அக்கா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"ஆறு கடைக்கும் நீங்கதான். நாளைக்கு வந்துடுங்க."

"படிச்சீங்களா அண்ணே? பிடிச்சிருந்துதா?"

"வாங்க, பேசிக்கலாம்."

பிறகு தலையணை, திரைச்சீலை, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று வேலை தேடி வந்தது. கிடங்கு நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து முதலாளியின் மனைவிதான் சொன்னார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் அந்த அம்மாவுக்குத் தூக்கமே இல்லாத நாட்கள் அவை. அந்தச் சனிக்கிழமை மதியம் தாள்களைக் கையில் எடுத்தவர், இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிப்போனார். அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று எடுத்துப் பார்த்த முதலாளியும், மூக்குக்கண்ணாடியோடு அதே பக்கத்தில் தூங்கிவிட்டார். மூன்றாம் நான்காம் பக்கங்களை யாரும் படிக்காமலே அச்சுக்கு அனுப்பியிருந்தார்கள்.