தங்கை மகளுக்கு விற்ற கார்

ரொசேர் எனக்குப் பெரியப்பா மகன். எங்கள் தாத்தாவுக்கு ஒன்பது பிள்ளைகள். மூத்தவருக்குப் பிறந்தவன் அவன், ஏழாமவருக்குப் பிறந்தவன் நான். மத்தான் ஊரில் எங்கள் வகையறா இல்லாமல் ஒரு கல்யாணம் நடக்காது. ரொசேர் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். ஏறின பிள்ளைகளின் பேர் மட்டுமா, அதுகள் வீட்டு நாயின் பேர்கூட அவனுக்கு மனப்பாடம். "ரொசேர் சொன்னால் சரி" என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டுதான் அவன் வெளியே கிளம்புவான்.

எங்கள் பக்கத்தில் காருக்கு எமன் துருதான். கடல்போல் விரிந்து கிடக்கும் ஆற்றிலிருந்து உப்புக்காற்று, போதாததற்குப் பனியைக் கரைக்கக் குளிர்காலம் முழுக்க ரோட்டில் கொட்டுகிற உப்பு. அதனால் பனி விழுமுன் காரின் அடியில் எண்ணெய் அடித்துவிடுவோம். ரொசேர் ஒரு வருஷமும் தவறியதில்லை, முதுகில் ஆபரேஷன் ஆகும்வரை. அதன்பிறகு அவனால் குனிய முடியவில்லை. வேறு ஆளிடம் வண்டியை விடவும் கௌரவம் ஒப்பவில்லை. அடியில் என்ன நடக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை.

கண் மங்கி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது காரை விற்க நினைத்தான். அவன் மனைவி லோரெத்திடம் தனியாக ஒரு சின்ன வண்டி இருந்தது. ரொசேரின் தங்கை ஜானினின் மகள் மிரேய் காரைக் கேட்டாள். புருஷனைப் பிரிந்து, சின்னக் குழந்தையோடு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை பார்த்தவள். பேரம்கூடப் பேசவில்லை.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒர்க்ஷாப்புல ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டு வந்திரட்டுமா?"

ரொசேர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். "எதுக்கு? அடியெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. மாமன் சொன்னா நம்பமாட்ட, மெக்கானிக் சொன்னாத்தான் நம்புவியா?"

"ஐயோ, அதில்ல மாமா..."

"உன்னத் தொட்டில்ல போட்டு ஆட்டுனவன்டி நான்."

"பாத்துட்டுத்தான் வரட்டுமே, பாத்தா கார் தேஞ்சா போயிரும்?" என்றாள் லோரெத் அடுப்படியிலிருந்து.

"நீ பீன்ஸ் அடிபிடிக்காமப் பாரு."

மிரேய் சாவியை வாங்கிக்கொண்டாள்.

பனி உருகுகிற சமயம், ஒரு வளைவில் பின்சக்கரம் அச்சோடு இற்று விழுந்தது. பின்சீட்டில் குழந்தை. யாருக்கும் அடியில்லை, கடவுள் புண்ணியம். மெக்கானிக் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான். கேக்கில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது.

மிரேய் சண்டைக்கு வரவில்லை. "பாதிச் செலவ ஏத்துக்கங்க மாமா. உங்களுக்குத் தெரியும்னு நான் சொல்லவே இல்ல. தெரியாம வித்திருந்தாலும் வித்தவங்களுக்குப் பொறுப்பு இருக்குன்னு சட்டம் சொல்லுதாம்."

"காக்காசு குடுத்தாலும் நான் ஏமாத்துனேன்னு ஆயிடும். வித்தது வித்ததுதான்."

"வெளிய யாருக்கும் சொல்லமாட்டேன்."

"எனக்குத் தெரியுமே!"

ஜானின் போன் செய்தாள். "அண்ணே, அவ நிலைமை உனக்குத் தெரியாததா? புள்ளையத் தூக்கிட்டுப் பனியில நடக்குறா."

"கோர்ட்டுக்குப் போகச் சொல்லு" என்று வைத்துவிட்டான். போகமாட்டாள் என்ற தைரியம். மிரேய் போனாள்.

சின்ன வழக்குகளுக்கு எங்கள் ஊரில் வக்கீல் கிடையாது, நீதிபதியே கேட்பார். விற்றவனுக்கே தெரியாமல் ஒளிந்திருந்த குறை என்றால் விற்றவன் பொறுப்பு. தூக்கிப் பார்த்தால் தெரியும் குறை என்றால், பார்க்காமல் வாங்கியவள் பொறுப்பு. 'பார்க்க வேண்டாம், நன்றாக இருக்கிறது' என்று அவனே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பொறுப்பு மறுபடி அவன் தலையில்தான்.

"ஏம்மா, வாங்கறதுக்கு முன்னால மெக்கானிக்கிட்டக் காட்டல?"

"மாமா வேண்டாம்னார். கல்லு மாதிரி இருக்குன்னார்."

"ஐயா, அப்படிச் சொன்னீங்களா?"

பின்பெஞ்சிலிருந்து அவன் கழுத்து சிவப்பதைப் பார்த்தேன்.

"ஞாபகம் இல்லைங்க" என்றான்.

மிரேய் திரும்பி, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரெத்தைப் பார்த்தாள். ஆனால் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அத்தையைப் புருஷனுக்கு எதிரே நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. லோரெத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தீர்ப்பு தபாலில் வந்தது. லோரெத்தான் படித்துக் காட்டினாள். தூக்கிப் பார்த்திருந்தால் துரு யார் கண்ணுக்கும் பட்டிருக்கும், பார்க்க வேண்டாம் என்று விற்றவர் சொன்னதற்கு நிரூபணம் இல்லை, உறவுக்காரர் என்ற நம்பிக்கையில் பார்க்காமல் வாங்குவது புத்தியுள்ளவர் செயல் அல்ல, வழக்குத் தள்ளுபடி.

"பாத்தியா, ஜெயிச்சுட்டேன்."

"என்னத்த ஜெயிச்ச? உன்ன நம்புனவளுக்குப் புத்தியில்லைன்னு முத்திர குத்தி அனுப்பியிருக்காங்க."

அடுத்த வசந்தம் வந்தது. வசந்தத்தில் மேப்பிள் மரப்பாகு காய்ச்சுமிடத்தில் எங்கள் குடும்பம் மொத்தமும் கூடும். அந்தத் தடவை ஜானினும் மிரேயும் வரவில்லை. என் தம்பிக்கு வாய் நீளம். "ரொசேர் அண்ணே, இந்த அப்பத்துக்கு அடியில துரு கிரு இருக்கா? நீங்க சொன்னா சரி" என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ரொசேர் சாப்பிடாமல் எழுந்தான். அப்புறம் எந்த வருஷமும் வந்ததில்லை.

ஜானின் செத்ததற்குத்தான் வந்தான். சர்ச் வாசலில் மிரேய் வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றாள். இவன் முறை வந்தது.

"வந்ததுக்கு நன்றிங்க, ஐயா" என்றாள், ஊர்க்காரர்களுக்குச் சொன்ன அதே குரலில். அடுத்த ஆளுக்குக் கையை நீட்டிவிட்டாள்.

வண்டியில் நான் பின்சீட்டில் இருந்தேன். "ஞாபகம் இருக்குன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றான் ரொசேர்.

லோரெத் சாவியைத் திருகாமல் அவனைப் பார்த்தாள். "அவ இன்னும் அங்கதான் நிக்கிறா. போய்ச் சொல்லு."

அவன் வாசலைப் பார்த்தான். வரிசை குறைந்துகொண்டிருந்தது.

"குளுருது, வண்டிய எடு" என்றான்.