கைத்தறி முத்திரை

அருப்புக்கோட்டையில் பதினெட்டு வருசம் கைத்தறி நெய்தவள் வெள்ளைத்தாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் விசைத்தறி வந்து அவள் தறி ஓய்ந்ததும், ரத்தினசாமி முதலாளியின் விசைத்தறிக் கொட்டகைக்கே சேலை மடிக்கப் போனாள்.

கைத்தறிச் சேலைக்குத்தான் சர்க்கார் தள்ளுபடி உண்டு. ஒருநாள் முதலாளி ‘கைத்தறி’ என்று செதுக்கிய முத்திரையை அவள் முன்னால் வைத்தார்.

“மடிச்ச சேலையில எல்லாம் குத்து, தாயி. லோடு ஏத்தணும்.”

வெள்ளைத்தாய் முத்திரையை மையில் தோய்த்தாள். காய்ப்புக் காய்த்திருந்த தன் உள்ளங்கையில் ஓங்கிக் குத்தி, அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

“தறி நெஞ்ச கை இது, மொதலாளி. ஒங்க மிசினுக்கும் கை இருந்தா நீட்டச் சொல்லுங்க, குத்துறேன்.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினாள். சேலைகள் மடித்தபடி கிடந்தன, லாரி வாசலில் நின்றது. முத்திரை அவள் மடியில் இருந்தது.