கோத்து வைத்த ஊசிகள்

தையல் மாஸ்டரின் கடைக்குள் யார் நுழைந்தாலும், அளவு கொடுப்பதற்கு முன்னால் சுவரிலிருக்கும் ஆணியைப் பார்த்தாக வேண்டும். அதில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடி தொங்கும். "மைனஸ் ஆறு சார்! இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி லேசர் வெச்சு ஒரே நாள்ல கழட்டிப் போட்டேன். இன்னிக்கும் தெருக்கோடியில வர்ற பஸ் நம்பரைப் படிப்பேன்" என்பார். சட்டை தைக்க வந்த பாவத்துக்கு எத்தனை பேர் இதைக் கேட்டுத் தலையாட்டியிருப்பார்கள்!

அவர் மனைவிக்கும் கிட்டப்பார்வைதான். ஆனால் கண்ணாடியை விடவில்லை. "நீயும் லேசர் பண்ணிக்கோடி, சோடாபுட்டி" என்று அவர் ஆரம்பித்தால், "வீட்டுக்கு ஒரு பீத்தல் போதும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவள் தங்கையின் பிரசவத்துக்காக ஒரு வாரம் வெளியூர் போனாள். வந்தது வினை. மெஷின் ஊசியில் மாஸ்டரின் விரல்கள் பழக்கத்திலேயே நூலை நுழைத்துவிடும். கைத்தையலுக்கோ, பஞ்சுத் திண்டில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு ஊசிகள் நூலோடு குத்தியிருக்கும். மூன்றாம் நாள் திண்டில் இருந்தது எல்லாம் வெறும் ஊசி. மறுநாள் காலை கொடுக்க வேண்டிய வக்கீலின் கறுப்புக் கோட்டு பொத்தான் இல்லாமல் மடியில் கிடந்தது.

மாஸ்டர் நூலை எச்சிலில் நனைத்தார், முறுக்கினார், குத்தினார். நூல் ஊசியை விட்டு எல்லாப் பக்கமும் போயிற்று. "ஊசிக்குக் காது வெக்கிறதையே நிறுத்திட்டானுங்களா, படுபாவிங்க?" என்று கத்தினார். பல்பை மாற்றினார். கடைசியில் மானத்தை விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஆணியிலிருந்த பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தார். இப்போது ஊசியே காணாமல் போயிற்று.

லேசர் காலை வாரிவிட்டது, கண் போகப்போகிறது, இனி பிழைப்பு அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டார். போட்டது போட்டபடி, அன்று லேசர் வைத்த அதே டாக்டரிடம் ஓடினார். டாக்டரும் இப்போது கண்ணாடி போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் மாஸ்டருக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

எதிர்ச்சுவர் எழுத்துகளைப் படிக்கவைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். "தூரப்பார்வை பிரமாதம். பழைய கிட்டப்பார்வையில அரை நம்பர் திரும்பியிருக்கு, பரவாயில்லை. நாப்பது தாண்டினா கிட்டத்துல மங்கும், அது எல்லாருக்கும் வர்றது. லேசர் அதைத் தடுக்காது."

"சோடாபுட்டி போட்ட என் வீட்டுக்காரிக்கு வரலையே டாக்டர்?"

"கிட்டப்பார்வைக்காரங்க கண்ணாடியைக் கழட்டினாலே கிட்டத்துல தெரியும். உங்களுக்கு அந்த வசதியைத்தான் நான் எடுத்துட்டேன். அன்னிக்கே சொன்னேன், கையெழுத்தும் போட்டீங்க."

"எனக்கு ஞாபகமே இல்லையே!"

"எப்படி இருக்கும்? கண்ணாடியை எப்பக் கழட்டலாம்னே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. ஆமா, இது திடீர்னு வந்தது இல்லை. மூணு வருஷமாவது ஆகியிருக்கும். இத்தனை நாளா ஊசி எப்படிக் கோத்தீங்க?"

"அதென்ன பிரமாதம், திண்டுல எப்பவும் கோத்த ஊசி இரு..." மாஸ்டர் பாதியில் நிறுத்தினார். காலையில் கடையைப் பெருக்கி, திண்டை எடுத்துவைப்பது அவள்தான். முந்தின நாள் தானே கோத்ததில் மிச்சம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

படிக்கும் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு கோட்டை முடித்துக் கொடுத்தார். நாலு நாள் கழித்து மனைவி வந்து இறங்கினாள். அவர் மூக்கைப் பார்த்தாள், நூலில்லாத ஊசிகள் குத்தியிருந்த திண்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏன்டி சொல்லலை?" என்றார்.

"வர்றவங்ககிட்ட எல்லாம் ஆணியைக் காட்டிப் பீத்திக்கிறப்ப உங்க முகம் எப்படி இருக்கும் தெரியுமா? அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."

இவளைச் சோடாபுட்டி என்று இனிமேல் கூப்பிட வாய் வருமா? புதுக் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஊசியையும் நூலையும் அவளிடம் நீட்டினார்.

"அதான் கண்ணாடி வாங்கியாச்சே?" என்றாள்.

"இருக்கட்டும். நீயே கோத்துக் குடு."

அவள் தன் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஊசியை மூக்கருகே பிடித்து ஒரே முயற்சியில் கோத்தாள்.