வாழைத்தோட்டத்துக்குத் துட்டி கேட்ட ஊர்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், தூத்துக்குடியில் முத்தையாபுரத்தைத் தாண்டி உள்ள ஒரு சிற்றூரில் நடந்தது இது. நான் சிவில் இன்ஜினீயர். நகரத்தில் ஒரு சிறிய திட்ட ஆலோசனை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த ஊரை ஒட்டியிருந்த வாழைத்தோட்டத்தை வீட்டு மனைகளாகப் பிரிக்க ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தது. அதற்கு முன் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்டு எழுதித் தரும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து என் மேசைக்கு வந்தது.

எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம். நோட்டீஸ், நாற்காலி, மைக், வரைபடம் மாட்டப் பலகை, தேநீர். முதல் கூட்டத்துக்குப் பட்டியலில் இருந்த எல்லாம் சரியாக வந்து சேர்ந்தன. ஊர்க்காரர்கள்தான் வரவில்லை. தேநீர் கொண்டுவந்தவரிடமாவது கருத்து கேட்கலாம் என்று பேனாவை எடுத்தேன். "நான் பக்கத்து ஊரும்மா" என்று சொல்லிவிட்டு கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் கருத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. திரும்பும் வழியில் டீக்கடை பெஞ்சில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். "அது என்ன தோட்டம்? ஒரு காத்துக்கு நிக்குமா? அத்தன வாழையும் மல்லாந்துரும். சனியன் ஒழியட்டும்" என்றார். இதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதும், எனக்கு எதுக்கு வம்பு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று என்னைத் தேடி வந்தவர் ஒரே ஓர் அக்கா. அந்தத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டிருந்தவர்.

"குலை தள்ளி நிக்கி மேடம். தார் முத்த இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆவும். அடுத்த மாசமே மிசினு வருதுங்காவ. எங்க வருசமே அந்தத் தார்லதான் இருக்கு."

"நிலத்துக்காரங்ககிட்ட சொன்னீங்களா அக்கா?"

"நெலம் அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சொந்தம். அண்ணனுக்கு போன் போட்டா, தம்பிகிட்ட கேளுங்காரு. தம்பிக்குப் போட்டா, அண்ணங்கிட்ட கேளுங்காரு. ரெண்டு பேரும் பேசிக்கிடுததே கெடையாது. ஒருத்தர் வார இடத்துக்கு இன்னொருத்தர் வர மாட்டாவ."

என் படிவத்தில் உரிமையாளர், அருகில் வசிப்பவர் என்று இரண்டு வகைதான் இருந்தன. அக்கா இரண்டிலும் சேரவில்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன். ஓரத்தில் எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

இரண்டாவது கூட்டத்துக்கு மைக் ஆட்டோ விடச் சொன்னார் எங்கள் மேலாளர். அந்தப் பகுதிக்கே ஒரே ஒரு மைக் ஆட்டோதான். அதன் அண்ணாச்சியிடம், சொல்ல வேண்டியதை வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன விசயம், எங்கன, எத்தன மணிக்கு? இத மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன். நம்ம சொன்னா கூட்டம் வராம இருக்காது."

அந்த அண்ணாச்சியின் ஆட்டோவுக்கு இறப்பு அறிவிப்புதான் தினசரி வேலை என்பது எனக்கு அப்போது தெரியாது.

கூட்டத்தன்று நான் போனபோது சமுதாயக் கூடத்தின் முன்னால் நான் போடச் சொல்லியிருந்த பந்தல் நிரம்பியிருந்தது. ஆண்கள் தோளில் துண்டோடு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் கூட்டமாக இருந்தார்கள். என்ன ஒழுங்கான ஊர் என்று நினைத்தேன். ஒரு பெரியவர் ரோஜா மாலையோடு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என் மனை வரைபடத்தின் மேல் அதைப் போட்டுக் கும்பிட்டார். நான் பார்ப்பதைக் கண்டு, "வேற எங்கன போட?" என்றார்.

ஆட்டோ அண்ணாச்சியைத் தேடிப் பிடித்தேன். காலையில் ஊரெல்லாம் ஓடவிட்ட பதிவை போனில் போட்டுக் காட்டினார். கரகரத்த, நிறுத்தி நிறுத்திப் பேசும் குரல்:

"வடக்கே ரோட்டுக்கும் தெற்கே வாய்க்காலுக்கும் நடுவே அமைந்ததும், பலசரக்குக் கடை அண்ணாச்சி, அவருடைய உடன்பிறந்த தம்பி ஆகியோருக்கு உரியதும், இந்த ஊருக்கு நிழலாக விளங்கியதுமாகிய வாழைத்தோட்டம், வீட்டு மனைகளாகப் போவதை முன்னிட்டு, இன்று மாலை நான்கு மணியளவில் சமுதாயக் கூடத்தில் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் கலந்துகொள்ளுமாறு ஆழ்ந்த வருத்தத்துடன் கேட்டுக்கொள்கிறோம்."

"வருத்தம் எங்க அண்ணாச்சி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அது வழக்கமா வாரதும்மா. ஆளு வந்துச்சா, இல்லையா?"

நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் போவார்கள். அழைத்த விதம் சரியில்லை என்றால் அதற்கும் போக மாட்டார்கள். துட்டிக்கு, அதாவது சாவு வீட்டில் துக்கம் கேட்க, அழைப்பே வேண்டாம். காதில் விழுந்தால் போய்த்தான் ஆக வேண்டும், பகையாளி வீடாக இருந்தாலும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், யாரும் இறக்கவில்லை என்று மெதுவாக விளக்கினேன். "அது தெரியும்லா. மைக்ல இப்பிடிச் சொன்ன பொறவு வீட்ல கெடந்தா நாலு பேரு என்ன பேசுவாவ?" என்றாள்.

அதே காரணத்துக்காகத்தான் அண்ணனும் வந்தார், தம்பியும் வந்தார். இருவரும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்து நடந்தார்கள். ஊர் விடவில்லை. துட்டிக்காரர்கள் ஒரே இடத்தில் இருந்தால்தானே வருகிறவர்கள் கையைப் பிடித்துத் துக்கம் கேட்க முடியும்? நான் மேடையில் அதிகாரிகளுக்காகப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் அவர்களை முட்டி இடிக்க உட்கார வைத்தார்கள். ஊர் வரிசையாக வந்து முதலில் அண்ணன் கையை, பிறகு தம்பி கையைப் பிடித்துவிட்டுப் போனது. இருவரும் தலையைக் குனிந்தபடி ஏற்றுக்கொண்டார்கள். வேறு வழியில்லை.

நான் மைக்கை நீட்டிக் கருத்து கேட்டேன். டீக்கடையில் சனியன் என்று சொன்னவர்தான் முதலில் எழுந்தார். "தங்கமான மண்ணு. கடைசி வரைக்கும் யாருக்கும் ஒரு தொந்தரவு குடுத்ததில்ல" என்றார்.

தரையில் இருந்த ஒரு பெண், "பேயுத மழையெல்லாம் அதுதான் குடிச்சிச்சி. இனிமே எங்க அடுக்களதான் குடிக்கணும்" என்றாள். அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். இன்னொருவர், "எனக்கு முழு எதிர்ப்பு, அப்பிடியே எழுதிக்கோங்க" என்று முழங்கினார். நான் எழுதி முடித்ததும் குனிந்து, "கிழக்குப் பாத்த மனை மிச்சம் இருக்கா மேடம்?" என்றார். இவரை ஆதரவில் சேர்ப்பதா, எதிர்ப்பில் சேர்ப்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இடையில், தேநீரோடு கொடுக்க வாங்கியிருந்த மக்ரூன் இனிப்புத் தட்டைச் சுற்றிலும் நீட்டினேன். ஒரு கைகூட நீளவில்லை. "ஏளா, துட்டி வீட்டுல மக்ரூனா குடுப்பாவ?" என்று ஒரு பெரியம்மா அதட்டியதும் தட்டை மேசைக்கு அடியில் தள்ளினேன்.

குத்தகைக்கார அக்கா கடைசியாக எழுந்தார். எல்லோரும் செய்ததைப் போலவே அண்ணன் கையைப் பிடித்தார். ஆனால் விடவில்லை.

"அண்ணாச்சி, போறது போவட்டும். பிள்ளத்தாச்சியா நிக்கிற வாழைய மட்டும் சாய்ச்சிராதிய. தார் வெட்டுன பொறவு மிசின விடுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"தம்பிகிட்ட ஒரு வார்த்த…" என்று வழக்கம்போல ஆரம்பித்தவர், நிறுத்திவிட்டார். தம்பி பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்ல. அவரு சரின்னா சரி."

அண்ணன் பந்தக்காலைப் பார்த்துச் சொன்னார்: "அவன் சரின்னா எனக்கும் சரி."

அக்கா அழுதுகொண்டே அடுத்து தம்பியின் கையைப் பிடித்தார். டீக்கடை பெஞ்சுக்காரர் பின்னாலிருந்து, "ஏலே, அந்தப் பிள்ள எழுதிட்டாளான்னு பாருல" என்றார். எழுதிவிட்டிருந்தேன், இந்த முறை ஓரத்தில் இல்லை. நிலத்தை நிறுவனத்திடம் ஒப்படைக்கும் நாள் இன்னும் அண்ணன் தம்பி கையில்தான் இருந்தது. தார் வெட்டிய பிறகே ஒப்படைப்பது என்று இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள், ஆளுக்கொரு பேனாவில்.

கூட்டம் கலைந்தபோது, "எல்லாரும் போயிட்டு வாங்க" என்று மைக்கில் சொன்னேன். ஊரே திரும்பி முறைத்தது. அக்கா என் முழங்கையைக் கிள்ளி, "துட்டியில அப்பிடிச் சொல்லக் கூடாது" என்றார். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

மைக்கில் சொன்னதைக் கேள்விப்பட்டு மேலாளர் போனில் பதறினார். "யாரும்மா செத்தது?" என்றார். "யாரும் இல்ல சார். படிவம்தான் பத்தல" என்றேன்.

அக்கா தார் வெட்டி லாரி ஏற்றிய பிறகுதான் இயந்திரம் வந்தது. அடுக்களைக்குத் தண்ணீர் வராமலிருக்க மனைப் படத்தில் ஒரு வடிகாலைச் சேர்க்க வைத்தோம். இப்போது அங்கே சாலை போட்டு, இரண்டு மூன்று வீடுகள் எழுந்துவிட்டன. தோட்டம் போனது போனதுதான். அதை நானோ ஊரோ நிறுத்தவில்லை. ஆனால் இன்றும் எந்த நிலத்தின் வரைபடத்தை விரித்தாலும், இது போனால் துட்டிக்கு வரக்கூடியவர்கள் யார் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பென்சிலை எடுக்கிறேன்.