ஜெயம்மாள் தூக்கிக்கொண்டு ஓடிய வேட்டி

கரியாலூருக்குப் பக்கத்து அருவியில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்வது ஜெயம்மாளின் வேலை. தினக்கூலிதான். கழுத்தில் விசில், கையில் கோணிப்பை. சோப்பு உறை, பிரியாணிப் பொட்டலம் என்று பொறுக்கிக்கொண்டே, வழுக்குப் பாறையில் ஏறி செல்ஃபி எடுக்கும் சூரர்களை விசிலடித்து இறக்குவாள். பிறந்தது தியாகதுருகத்துப் பக்கம். கல்யாணமாகி மலைக்கு வந்தவள். இங்கே வெயிலடித்தாலும், மேலே மழை பெய்தால் தண்ணீர் செம்மண் நிறமாகும், பின்னாலேயே வெள்ளம் வரும் என்பதை வந்த பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

போன ஆடிப்பெருக்கன்று அவளுடைய அண்ணன் கொளஞ்சியப்பன் குடும்பத்தோடு வந்தார். வேட்டி சட்டையைப் பாறைமேல் மடித்து வைத்து, துண்டைக் கட்டிக்கொண்டு அருவிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். மதியம் தண்ணீர் கலங்கியது. ஜெயம்மாள் விசிலடித்தாள். எல்லோரும் கரையேறினார்கள், அண்ணி நிர்மலாவும் பிள்ளைகளும்கூட. அண்ணன் மட்டும் அசையவில்லை.

"அண்ணே, மேல வந்துடுண்ணே. தண்ணி செவந்துக்கினு வருது."

"மோட்டார் போட்டா மொதல்ல கலங்கலாத்தான் வரும். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும். நீ போய் வேலையப் பாரும்மா."

போர்வெல் தண்ணீரில் கரும்பு வளர்த்த மனிதர். வயலில் அந்தக் கணக்கு சரி. மலையில் யார் மோட்டார் வைத்தது? சொன்னால் கேட்கிற ஆளுமில்லை, பிடித்த முயலுக்கு மூன்றே கால். அப்பா போன பிறகு அவளைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பாறைமேல் இருந்த வேட்டி சட்டையை வாரிச் சுருட்டிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஓடினாள்.

"ஏய் ஜெயா, இன்னாடி பண்ற? குடுறீ அத."

ஈரத் துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே அண்ணன் பின்னால் ஏறினார். கூட்டம் சிரித்தது. அவர் மேட்டுக்கு வந்து சேர்வதற்கும் வெள்ளம் இரைச்சலோடு இறங்குவதற்கும் சரியாக இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடம் காணாமல் போனது.

திட்டு பாதியில் நின்றது. ஜெயம்மாள் வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். "உனக்கு ஒண்ணுன்னா நான் எங்கண்ணே போவேன்?" அண்ணன் அவளிடமிருந்து சட்டையை மட்டும் உருவி மாட்டிக்கொண்டார். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார்.

இந்த ஆடிக்கும் வந்தார். துண்டைக் கட்டியதும், வேட்டி சட்டையைப் பாறைமேல் வைக்காமல் தங்கையிடம் நீட்டினார்.

"இத நீயே வெச்சிக்கினு நில்லும்மா."