பின்னுக்குத் தள்ளியிருந்த சீற்

கூட்டைத் தெரிவுசெய்துவிட்டு இரத்மலானையில் இருந்து வெள்ளவத்தைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பஸ் இருந்தது. நடந்தால் யோசிக்கலாம் என்று நடந்தேன். கை முழுக்க ஃபைபர் தூசி. கழுவியும் அரித்தது.

கூடு என்றால் காரின் மேற்பாகம். ஒரு பழைய காரின் மேற்பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் அடித்தட்டிலும் எஞ்சினிலும் ஃபைபர் கூடு ஒன்றைப் பூட்டினால் வேறு கார். இரத்மலானை யார்டில் இரண்டு கூடுகள் கிடந்தன. ஒன்று குட்டை. அதற்கு அடித்தட்டை நடுவில் அறுத்து, ஒரு துண்டை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டவேண்டும். முதல் தடவை கார் கட்டுகிறவன் அதில் கை வைக்கக்கூடாது என்று யார்ட்காரனே சிங்களத்தில் சொன்னான். மற்றது முழு நீளம், வெட்டு இல்லாமல் அப்படியே வந்து உட்காரும். அதைச் சொல்லிவைத்தேன். வெள்ளையாகக் கிடந்தது. லைட் பூட்டும் இடத்தில் இரண்டு துளைகள். வாசலைக் கடக்கும்வரை அவை என் முதுகைப் பார்ப்பது போலிருந்தது. நான் திரும்பவில்லை.

பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு மன்னாரில் மீன் ஏற்றினேன், புறக்கோட்டையில் மூட்டை தூக்கினேன், கட்டாரில் கண்ணாடி பூட்டினேன். எங்கேயும் நிலைக்கவில்லை. இடமில்லாத நாட்களில் லொறியின் பின்பக்கம் படுத்தேன். இது முறைப்பாடு இல்லை. நானாகத் தொடங்கி நானாக முடித்தது என்று காட்ட ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கார் அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். கொட்டாஞ்சேனையில் என் கூட்டாளி ஒருவன், துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கிறவன், வீட்டோடு ஒட்டிய வெறும் இடத்தைத் தந்திருந்தான். அதுவும் ஈஸ்டர் வரைதான். பிறகு அவனுடைய தம்பி அங்கே அறை கட்டப்போகிறான்.

அடித்தட்டுக்கான கார்தான் கிடைக்கவில்லை. இப்போதைய சின்ன ஜப்பான் கார்களில் மேலும் கீழும் ஒரே துண்டு. மேலே வெட்டினால் கீழே ஒன்றும் மிஞ்சாது. எனக்கு வேண்டியது ஆமை முதுகோடு இருக்கும் அந்தப் பழைய கார். எஞ்சின் பின்னால், அடித்தட்டு தனி. சுற்றிவர நட்டுகளைக் கழற்றினால் மேல் முழுதாக எழும்பி வரும். கூட்டாளி அப்படியொன்றைக் கண்டுபிடித்திருந்தான். வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், போன வருடம் புருஷனை இழந்த யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவரின் வீட்டில் நிற்கிறதாம்.

தெகிவளை தாண்டும்போது அவன் போன் எடுத்தான்.

“மச்சான், அன்ரி காரை ஓடுற ஆளுக்குத்தான் குடுப்பாவாம். நான் ஓம் எண்டுட்டன். நீ போய்க் கழட்டுற கதை எடுக்காத. வாயில பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போ.”

ஏன் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது, அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றியாச்சு, மற்றதை அவர் பார்ப்பார் என்றான்.

அந்த ஒழுங்கையில் கடல் உப்புக்குக் கேற்றுகளே உதிர்கின்றன. கராஜுக்குள் கார் துருவில்லாமல் நின்றது, மூக்கு ரோட்டைப் பார்த்தபடி. அன்ரி கார்த் திறப்பைத் தந்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார். டிரைவர் சீற்றில் உட்கார்ந்தேன். கிளச் காலுக்கு எட்டவில்லை. சீற் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்தது. முன்னுக்கு இழுத்தேன். பூட்டு ‘டக்’ என்று விழுந்தது. கண்ணாடிகளில் கடற்காற்றின் ஈரம் படிந்திருந்தது. டிரைவர் பக்கத்தில் மட்டும், என் தலைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கைக்குட்டை அளவுக்குத் துடைத்ததுபோலத் தெளிவாக இருந்தது.

இறங்கிப்போய் எஞ்சினைப் பார்த்தேன். அடித்தட்டுக்குக் கீழே படுத்துத் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு, இதைவிட நல்லது இனிக் கிடைக்காது. எழும்பிக் கதவைத் திறந்தபோது சீற் பழையபடி பின்னுக்கு நின்றது. பூட்டின் பல் தேய்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு தரையைப் பார்த்தேன். கராஜ் ரோட்டுப் பக்கம் சரிவு. வழுக்கினால் முன்னுக்குத்தான் வழுக்கவேண்டும்.

தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு அன்ரி தானாகவே சொன்னார். சண்டை முடிய முன்னம் ஒருநாள் அவருடைய மகன் இந்தக் காரில் கொட்டாஞ்சேனைக்குப் போனான். கார் தெமட்டகொடை ரயில் யார்டுப் பக்கம் பூட்டினபடி நின்றது. மகன் இல்லை. யார் கொண்டுபோனது என்று இன்றுவரை தெரியாது. அவனுக்குத் திவசம் செய்வதில்லை. அன்றிலிருந்து தகப்பன் ஒவ்வொரு காலையும் இதை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை போய், தெமட்டகொடையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வருவார். எங்கே நின்றாலும் மகன் காரைக் கண்டுகொள்வான் என்று. அவர் போனபிறகு ஓட ஆளில்லை. நிற்கிற காரை யார் காண்பது? அதனால்தான் அன்ரி விற்கிறார்.

நான் ஓம் என்று தலையாட்டியிருந்தால் போதும். ஈஸ்டருக்குள் முடித்திருப்பேன். நேர்மை என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். அந்த நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த மேற்பாகத்தைத் தூக்குவதை நினைத்தேன். பயம்தான் வந்தது. மேலைக் கழற்றிவிட்டு வேறு கூடு பூட்டப்போகிறேன் என்று சொன்னேன்.

அன்ரி கோபப்படவில்லை.

“அப்ப அவன் பக்கத்தில வந்து நிண்டாலும் காரை மட்டுக்கட்ட மாட்டானே, தம்பி.”

தேத்தண்ணி ஆறியது.

“சீற்றை முன்னுக்கு இழுத்தனீரோ?” என்று கேட்டார்.

“ஓம் அன்ரி. கால் எட்டேல்ல.”

“இவருக்கும் எட்டாது. மகன் நல்ல உயரம். இவர் ஒவ்வொரு நாளும் இழுப்பார். விடியப் பாத்தா பின்னுக்கு நிக்கும். கடைசியில இழுக்கிறதை விட்டிட்டு, முதுகுக்குக் குஷன் வச்சு ஓடினவர்.” உப்பு விலையைச் சொல்கிற குரல். பிறகு, “குஷன் கிடக்குது. லைசன்ஸ் இருக்கோ?”

இருந்தது. தகப்பன் ஓடின அதே சுற்றைச் சம்பளத்துக்கு நான் ஓடுவதென்று பேசிமுடித்தோம். கூட்டாளிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். விசரா என்றான், நல்ல மெழுகுதிரியை வீணாக்கிவிட்டாய் என்றான். கூட்டை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி யார்டுக்கும் நானே அறிவித்தேன்.

அடுத்தநாள் காலை வேலைக்குப் போனேன். கார் கடைசியாக வெளிக்கிட்டு ஒரு வருடம் என்பதால் அன்ரி நாலு டயருக்கும் கீழே எலுமிச்சங்காய் வைத்திருந்தார். போகும்போது கண்ணாடிகளை இறக்கிவிடச் சொன்னார், ஆட்கள் நிற்கிற இடத்தில் அவசரப்படவேண்டாம் என்றார். நான் சீற்றைத் தொடவில்லை. முதுகுக்குப் பின்னால் குஷனை வைத்து, கால் கிளச்சுக்கு எட்டுகிறதா என்று பார்த்து, முதல் கியரைப் போட்டேன்.